அடியில் எரிவது

நான் மேலே ஏறுவதில்லை.
வண்டியோடு நிற்பவன். பம்பு என் பொறுப்பு.
முள் ஏழில் நின்றால் மேலே எல்லாரும் நலம்.
சட்டென ஏறினால் குழாய் எங்கோ மடிந்திருக்கிறது,
அல்லது எவனோ வாயை மூடிவிட்டு மூச்சு வாங்குகிறான்.
சரிந்தால் கிழிசல்.
இருபத்திரண்டு வருஷத்தில்
என் ஆட்களை முகம் பார்த்து அறிந்ததைவிட
முள் பார்த்து அறிந்தது அதிகம்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இது நான்காம் நாள்.
இதைத் தீ என்று சொல்லவே யோசிக்க வேண்டும்.
சுடர் இல்லை.
டயரும் மெத்தையும்
யாரோ தோற்ற பரீட்சைத் தாளும்
மூன்று ஆள் ஆழத்தில்
பேசாமல் வெந்துகொண்டிருக்கின்றன.
இங்கே அணைத்தால்
வடக்குப் பக்கம் போய் மூச்சு விடும்.

எங்கே குத்த வேண்டும் என்று காட்டுவது துலுக்காணம்.
குப்பை பொறுக்குகிறவள். ஒரு கொக்கி, ஒரு சாக்கு.
செருப்பைக் கழற்றிப் பாதத்தை வைத்துப் பார்ப்பாள்.
"இங்க இல்ல சார். இன்னும் நாலு தப்படி."
எங்கள் துறையில் இந்தக் கருவி கிடையாது.

முதலில் ஏறுவது எட்டியப்பன்.
போன வருஷம் இதே மேட்டில்
மேல்தோல் உடைந்து முழங்கால்வரை உள்ளே போனவன்.
ஸ்டான்லியில் ஏழு வாரம். இரண்டு விரல் போயிற்று.
மேஜை வேலை தருகிறோம் என்றார்கள்.
"உக்காந்தா தூக்கம் வரும் சார்" என்றான்.
வலது பூட்ஸின் முனையில்
மகளின் பழைய பள்ளிக்கூட சாக்ஸைத் திணித்துக்கொள்கிறான்.
ஏன் திரும்பி வந்தாய் என்று நான் கேட்டதில்லை.
கேட்டால் சம்பளம், கடன் என்று எதையாவது சொல்வான்.
அதுவும் பொய்யில்லை.

தண்ணீர் பிடிக்க ஒரு நாளைக்குப் பதினோரு நடை.
வழியில், மூன்று நாளாக லாரி வராத தெரு.
குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் நிழலில்.
ஒன்பதாயிரம் லிட்டரோடு அதைக் கடக்கும்போது
ஹாரனில் கை வைக்க வராது.
"குடிக்கக் காணோம், குப்பைக்கு ஊத்தப் போறானுங்க."
சொன்னவள் மூக்கில் ஈரத் துணி.
அவள் இடுப்பில் இருந்தது இருமிக்கொண்டிருந்தது.
என் வீடு அடுத்த தெரு. என் பையனும் இருமுகிறான்.
பவுனம்மா போனில் கேட்கிறாள்: "எப்பதான் அணையும்?"
துறை ரகசியம் மாதிரி
பேசாமல் இருக்கிறேன்.

இரவு மூன்று மணிக்கு முள் துள்ளிப் பத்தைத் தொட்டது.
ஒயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்.
புகைக்குள் ஒரு டார்ச்சும் தெரியவில்லை.
விதி: இயக்குபவர் பம்பை விட்டு நகரக் கூடாது.
நகரவில்லை.
நகராமல் நிற்பது எப்படி என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.
குழாயின்மேல் கையை வைத்தேன்,
காய்ச்சல்காரன் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

இரண்டு இழுத்தால் தண்ணீர் கொடு என்று அர்த்தம்.
எல்லாரும் இருக்கிறோம் என்றும்தான்;
அதை எங்கும் எழுதிவைக்கவில்லை.

விடிந்ததும் எட்டியப்பன் பம்பரில் உட்கார்ந்து
பூட்ஸைக் கவிழ்த்தான்.
கறுப்புத் தண்ணீர், பிறகு அந்த சாக்ஸ்.
பிழிந்து கண்ணாடிக் கம்பியில் மாட்டினான்.
துலுக்காணம் தன் டீயில் பாதியை
பாட்டில் மூடியில் ஊற்றி நீட்டினாள்.
நிலைய அதிகாரி ஞானதிரவியம்
'தீ அணைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்,
எடுத்தார்.
'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று ஓரத்தில் எழுதினார்.
நாங்கள் நின்ற இடம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

எட்டரைக்கு வியாசர்பாடியிலிருந்து அழைப்பு.
ஒரு பையன் மாடிப்படிக் கம்பிக்குள் தலையை விட்டு
எடுக்க முடியாமல் நிற்கிறான்.
அழவில்லையாம், தோசை கேட்கிறானாம்.
"வண்டில சோப்பு இருக்கா பாரு" என்றபடி
எட்டியப்பன் ஈர சாக்ஸை மறுபடி திணித்தான்.
நான் சாவியைத் திருப்பினேன்.
முதல் தடவை கிளம்பவில்லை.